கர்ப்பப்பை உள்சவ்வு அழற்சி: பரிசோதனையை எந்த வரிசையில் செய்துகொள்வது

பதினான்கு வருடமாகச் சென்னையில் குழந்தையின்மைக்குச் சிகிச்சை தரும் இடங்களில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். பயாப்ஸிக்கு, அதாவது கர்ப்பப்பைக்குள்ளிருந்து துளி சதை எடுத்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, வரும் பெண்ணைத் தயார் செய்வது, எடுத்த சதையைப் பாட்டிலில் போட்டு லேபுக்கு அனுப்புவது, ரிப்போர்ட் வந்ததும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்வது, இதெல்லாம் என் அன்றாடம். கர்ப்பப்பை உள்சவ்வு அழற்சிக்கான பரிசோதனை வீணாய்ப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் சதை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் போவதற்கு முன்பே அது கெட்டுவிடுகிறது. நாள் தவறியிருக்கும், பாட்டில் மாறியிருக்கும், இல்லையென்றால் லேப் சீட்டில் ஒரு வரி விட்டுப்போயிருக்கும். இந்த மூன்றையும் நீங்களே முன்கூட்டிக் கவனித்துக்கொள்ள முடியும்.

மருந்து எழுதுவது டாக்டரின் வேலை. நோய் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்வது வரைக்கும்தான் இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

"கர்ப்பப்பையில புண்ணு இருக்குன்னு சொன்னாங்க சிஸ்டர்" என்று வருபவர்களிடம் பழைய ஃபைலை வாங்கிப் பார்த்தால் மூன்றில் ஒன்று இருக்கும். ஒன்று, கர்ப்பப்பை வாய்ப் புண். இது பெரும்பாலும் கெடுதல் செய்யாத ஒரு மாற்றம், பரிசோதிக்கும்போது கண்ணுக்கே தெரியும். இரண்டு, எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பை உள்சவ்வைப் போன்ற திசு, கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வது. மூன்றாவதுதான் நாம் பேசும் எண்டோமெட்ரைட்டிஸ், அதாவது உள்சவ்விலேயே வரும் அழற்சி.

மூன்றுக்கும் பரிசோதனை வேறு, சிகிச்சை வேறு. பெயர் குழம்பினால் அடுத்த டாக்டரிடம் வரலாற்றைத் தப்பாகச் சொல்வீர்கள், அவரும் தப்பான இடத்தில் தேட ஆரம்பிப்பார். வாயால் சொல்வதை விடப் பழைய சீட்டைக் காட்டுவது நல்லது.

எண்டோமெட்ரைட்டிஸிலும் இரண்டு வகை உண்டு. பிரசவத்துக்கோ கருக்கலைப்புக்கோ பிறகு காய்ச்சல், அடிவயிற்று வலி, நாற்றத்துடன் கசிவு என்று வருவது திடீர் வகை. அது அவசரம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குழந்தையின்மையில் நாம் தேடுவது நாள்பட்ட வகை. இதில் பலருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. சிலருக்கு இரண்டு பீரியட்ஸுக்கு நடுவில் லேசாகப் படும், சிலருக்கு அடிவயிறு கனமாக இருக்கும், அவ்வளவுதான். தொந்தரவே இல்லாததால்தான் இதைத் தேடிப்போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

2. இந்தப் பரிசோதனை இப்போது தேவையா என்று கேளுங்கள்

கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது, கரு நிற்கவில்லை என்று முதன்முதலாக வரும் எல்லோருக்கும் இது வேண்டியதில்லை. கணவரின் விந்துப் பரிசோதனை, முட்டை வெடிக்கிறதா என்று பார்ப்பது, கருக்குழாய் அடைப்பு பார்க்கும் எச்எஸ்ஜி போன்ற அடிப்படைப் பரிசோதனைகள் முதலில் முடிய வேண்டும். மனைவிக்கு இரண்டு முறை பயாப்ஸி ஆகியிருக்கும், கணவர் ஒரு தடவை கூட லேப் படி ஏறியிருக்க மாட்டார். இப்படிப்பட்ட ஃபைல்களை இன்னும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் கோபம் வரும். விந்துப் பரிசோதனையில் ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, ஒன்றிரண்டு நாளில் முடிவு தெரிந்துவிடும். அதை முதலில் வைப்பதுதான் நியாயம்.

டாக்டர்கள் இந்த அழற்சியைத் தேடுவது வழக்கமாக இவர்களிடம்: நல்ல எம்ப்ரியோ (லேபில் உருவாக்கிய கரு) வைத்தும் ஐவிஎஃப், அதாவது சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு, திரும்பத் திரும்பத் தோற்றவர்கள், இரண்டோ அதற்கு மேலோ கரு கலைந்தவர்கள், எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தும் காரணம் பிடிபடாதவர்கள், நடுநடுவே ரத்தம் படுகிறவர்கள். முன்பு டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்திருந்தாலோ, காப்பர்-டி வைத்திருந்தாலோ, கர்ப்பப்பைக்குள் பாலிப் (சவ்விலிருந்து வளரும் சிறு சதை) இருந்தாலோ, கருக்குழாயில் நீர் கோத்திருந்தாலோ சந்தேகம் கூடும்.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அழற்சிக்கும் கரு ஒட்டாததற்கும் தொடர்பு இருப்பது பல ஆய்வுகளில் தெரிகிறது. ஆனால் அதைச் சரிசெய்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு எவ்வளவு கூடும் என்பதில் நிபுணர்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. திரும்பத் திரும்ப ஐவிஎஃப் தோற்றவர்களுக்காக ஐரோப்பியக் கருத்தரிப்பு மருத்துவச் சங்கம் 2023-ல் வெளியிட்ட பரிந்துரைகளிலும் இந்தப் பரிசோதனையை "யோசிக்கலாம்" என்ற அளவில்தான் வைத்திருக்கிறார்கள். "இதைச் செய்தால் அடுத்த தடவை நிச்சயம்" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

3. ஸ்கேனையும் ஸ்வாபையும் வைத்து முடிவு கட்டாதீர்கள்

ஸ்கேனில் பாலிப், நார்த்திசுக் கட்டி, உள்ளே தேங்கிய நீர், சவ்வின் தடிமன் எல்லாம் தெரியும். நாள்பட்ட அழற்சி தெரியாது. அழற்சிக்கென்று ரத்தத்தில் பார்க்கும் ஈஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். பிறப்புறுப்பிலிருந்து பஞ்சுக் குச்சியால் எடுக்கும் ஸ்வாபில் வளரும் கிருமியும் கர்ப்பப்பைக்குள் இருக்கும் கிருமியும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆனாலும் ஸ்வாபுக்கு வேறொரு பயன் உண்டு. நாற்றத்துடன் வெள்ளைப்படுதல் இருந்தால் அதை முதலில் குணப்படுத்திவிட்டுத்தான் கர்ப்பப்பைக்குள் கருவியைச் செலுத்துவார்கள். இல்லையென்றால் கீழே இருக்கும் தொற்றை நாமே மேலே தள்ளிவிட்ட மாதிரி ஆகிவிடும்.

4. நாள் கணக்கு: அதிகம் சறுக்குவது இங்கேதான்

"பீரியட்ஸ் முதல் நாள் எது?" என்று கேட்டால் நம் வீடுகளில் மூன்று விதமான பதில் வருகிறது. சிலர் லேசாகக் கறை பட்ட நாளைச் சொல்வார்கள். சிலர் நன்றாகப் போக ஆரம்பித்த நாளைச் சொல்வார்கள். இன்னும் சிலர், முக்கியமாக மாமியாரும் கூட வந்திருந்தால், தலைக்கு ஊற்றிக்கொண்ட நாளிலிருந்து எண்ணுவார்கள். முதல் பதிலுக்கும் மூன்றாவது பதிலுக்கும் நடுவில் ஐந்து நாள் வரை வித்தியாசம் வந்துவிடும். மருத்துவக் கணக்கில் முதல் நாள் என்பது ரத்தம் நன்றாகப் போக ஆரம்பித்த நாள். காலண்டரில் அன்றைக்கே வட்டம் போட்டு வையுங்கள்.

அந்தக் கணக்கில் நாள்பட்ட அழற்சியைப் பார்க்க ஏற்ற நேரம், ரத்தம் முழுக்க நின்ற பிறகு, முட்டை வெடிப்பதற்கு முன். மாதம் தவறாமல் வருபவர்களுக்கு ஏறக்குறைய 6 முதல் 12-ஆம் நாளுக்குள். அப்போது சவ்வு மெல்லிசாக இருக்கும், உள்ளே செலுத்திப் பார்க்கும் கேமராவில் தெளிவாகத் தெரியும். முட்டை வெடித்த பிறகு சவ்வு தானாகவே தடித்து, நீர் கோத்து, வெள்ளணுக்கள் நிறைந்து போகும். எது இயற்கையான மாற்றம், எது அழற்சி என்று அப்போது பிரித்துச் சொல்வது கடினம்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. நம் ஊரில் குழந்தையின்மை என்றதும் டிபியையும் நினைக்க வேண்டும். கர்ப்பப்பை டிபிக்கு ஏற்ற நேரம் இதற்கு நேர் எதிர், அதாவது பீரியட்ஸ் வருவதற்குச் சற்று முன். காரணம் எளிது. சவ்வு மாதாமாதம் உதிர்ந்துவிடுவதால் டிபிக்கே உரிய க்ரானுலோமா என்ற திரள் உருவாக நாள் போதாது. மாதக் கடைசியில் எடுத்தால்தான் அது கண்ணில் படும் வாய்ப்பு அதிகம். ஆகவே டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "இந்தத் தடவை முக்கியமா எதைத் தேடுறீங்க டாக்டர்?" இரண்டையும் ஒரே தடவையில் பார்க்கலாம் என்று அவர் முடிவு செய்தால் அதுவும் சரிதான், பலர் அப்படிச் செய்கிறார்கள். அந்த முடிவு தெரிந்து எடுத்ததாக இருக்க வேண்டும். தியேட்டர் காலியாக இருந்த நாளில் தற்செயலாக அமைந்ததாக இருக்கக் கூடாது.

மாதக் கடைசியில் எடுப்பதென்றால் அந்த மாதம் முழுக்க ஆணுறை பயன்படுத்துங்கள். ஏழு வருடமாகக் குழந்தை இல்லாதவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இருந்தாலும் சொல்வேன். காத்திருந்த கரு அந்த மாதம்தான் தங்கியிருக்கிறது என்றால் பயாப்ஸி அதைக் கலைத்துவிடக்கூடும்.

பிசிஓடி இருந்து பீரியட்ஸ் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகிறவர்கள் தாங்களாக நாள் கணக்குப் போட வேண்டாம். மாத்திரை கொடுத்து ரத்தம் வரவழைத்து, அதிலிருந்து டாக்டரே நாள் குறிப்பார்.

ஐவிஎஃப் திட்டத்தில் இருப்பவர்கள் பின்னாலிருந்து முன்னால் எண்ணுங்கள். பயாப்ஸி ஒரு மாதம், ரிப்போர்ட்டும் மருந்தும் சேர்ந்து இன்னும் சில வாரம், மறுபரிசோதனை வேண்டுமென்றால் அடுத்த மாதம். எம்ப்ரியோ வைக்கத் தேதி குறித்துவிட்டு நடுவில் இதைச் செருகினால் ஏதாவது ஒன்றை அவசரமாக முடிக்க வேண்டியிருக்கும்.

5. போவதற்கு முன் செய்ய வேண்டியவை

கடந்த சில வாரத்தில் சாப்பிட்ட எல்லா மாத்திரைகளின் அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள். வயிற்றுப்போக்குக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரை, பல் டாக்டர் கொடுத்தது, எல்லாமே. ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் அழற்சியும் கிருமியும் தற்காலிகமாக மறைந்து, இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிடலாம்.

வயிறு சரியில்லை என்றதும் நம் ஊர் மெடிக்கல்களில் எடுத்துக் கொடுக்கும் ஆஃப்லாக்ஸசின் கலந்த மாத்திரையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். அந்த வகை மருந்து டிபி கிருமியையும் ஓரளவு அடக்கும். குணமாக்காது, மறைத்துவிடும். எனவே "சாதாரண வயித்துவலி மாத்திரைதான்" என்று நீங்களே தீர்மானிக்காமல் அட்டையைக் காட்டிவிடுங்கள். டாக்டர் தேதியைத் தள்ளிவைப்பார், அல்லது லேப் சீட்டில் குறிப்பார்.

மருந்து ஒவ்வாமை, ஆஸ்துமா, சர்க்கரை, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, இவற்றையும் மறக்காமல் சொல்ல வேண்டும். கரு ஒட்டுவதற்கென்று ஆஸ்பிரின் சாப்பிடுகிற பல பெண்கள் அதை மருந்தாகவே நினைப்பதில்லை. அன்று காலை வீட்டிலேயே ஒரு சிறுநீர்க் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். மயக்க மருந்து உண்டா என்று முந்தின நாளே ஃபோன் செய்து கேளுங்கள். உண்டென்றால் எத்தனை மணி நேரம் வெறும் வயிறு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். காபி தண்ணீர்தானே என்று குடித்துவிட்டு வந்து, தியேட்டர் வாசல் வரைக்கும் வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

6. பார்த்த பிறகு எடுக்க வேண்டும்

ஹிஸ்டரோஸ்கோப்பி என்றால் பென்சிலை விட மெல்லிய குழாயை, வெட்டுக் காயம் எதுவும் இல்லாமல் கர்ப்பப்பை வாய் வழியாகச் செலுத்தி, சலைன் நீரால் உள்ளே இடத்தை விரித்து, டிவி திரையில் பார்ப்பது. அழற்சி இருந்தால் சில அடையாளங்கள் தெரியும். சவ்வு வெளுத்து உப்பியிருக்கும். ஆங்காங்கே செக்கச்செவேல் என்று இருக்கும். அந்தச் சிவப்பின் நடுவில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் டாக்டர்கள் ஸ்ட்ராபெர்ரி என்பார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குட்டிப் பாலிப்கள் நீரில் மெல்ல ஆடும். இந்த அடையாளங்களை ஒரே மாதிரி வரையறுக்க 2019-ல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து ஒரு பட்டியலும் வெளியிட்டார்கள்.

முதன்முதலாக அந்தக் குட்டிப் பாலிப்களைத் திரையில் பார்த்தபோது எனக்குத் தெரியவே இல்லை. கூட இருந்த டாக்டர் நீரின் அழுத்தத்தைக் குறைத்து, கேமராவைச் சுவரை ஒட்டிச் சாய்த்தார். அதுவரை வழவழவென்று இருந்த சவ்வில் குளத்தடிப் பாசி மாதிரி ஏதோ அசைந்தது. அழுத்தம் அதிகமாக இருந்தால் அதெல்லாம் படிந்து மறைந்துவிடும். அவசரமாகப் பார்த்தால் தப்பிவிடும் என்பது அன்றைக்குப் புரிந்தது.

வரிசை ஏன் முக்கியம் என்றால், முதலில் சதை எடுத்தால் ரத்தம் கசிந்து உள்ளே எல்லாம் கலங்கிவிடும், பிறகு பார்க்க ஒன்றும் இருக்காது. முதலில் பார்த்துவிட்டு, பிறகு எடுக்க வேண்டும்.

இங்கே இரண்டு தவறு நடக்கும். ஒன்று, பார்த்ததோடு நிறுத்திவிடுவது. சிவப்பாக இருப்பதெல்லாம் அழற்சி இல்லை, சாதாரணமாகத் தெரியும் சவ்வுக்குள் அழற்சி இருக்கவும் கூடும். இரண்டாவது, பார்க்காமலேயே மெல்லிய பைப்பெல் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, பாலிப் போன்றவை இருந்ததா என்று தெரியாமலே விடுவது. பைப்பெல் தவறு என்று சொல்லவில்லை. மயக்க மருந்து இல்லாமல் ஓபியிலேயே சில நிமிடத்தில் முடியும், செலவும் குறைவு. ஏற்கெனவே ஹிஸ்டரோஸ்கோப்பி ஆனவர்களுக்கு அதுவே போதுமாக இருக்கலாம்.

வலி எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள். கடுமையான பீரியட்ஸ் வலி மாதிரி சில நிமிடம் பிடித்து இழுக்கும், பிறகு விட்டுவிடும். முன்கூட்டியே வலி மாத்திரை வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அதில் கூச்சம் வேண்டாம்.

7. இரண்டு பாட்டில்

பல சின்ன நர்சிங் ஹோம்களில் எடுத்த சதையை லேபுக்குக் கொண்டுபோவது கணவர்தான். கையில் ஒரு சீட்டும் பாட்டிலும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதனால் இந்தப் பகுதியைக் கணவர்களும் படிக்க வேண்டும்.

சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டுமென்றால் ஃபார்மலினில் போட வேண்டும். அது திசுவை அப்படியே கெடாமல் காப்பாற்றும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும், டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட்டுக்கும் ஃபார்மலின் ஆகாது. கிருமியைக் கொன்றுவிடும், மரபணுவையும் சிதைக்கும். அந்தப் பங்கு கிருமி நீக்கிய சலைனில் போக வேண்டும். இரண்டு கேள்வி என்றால் இரண்டு பாட்டில்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இதில் தவறியிருக்கிறேன். டாக்டர் இரண்டு பங்காகப் பிரித்துக் கொடுத்தார். இரண்டு பாட்டிலும் ஒரே மாதிரி மூடி, இரண்டிலும் தண்ணீர் மாதிரி தெளிந்த திரவம், லேபிள் இன்னும் ஒட்டவில்லை. இரண்டையும் ஃபார்மலினில் போட்டுவிட்டேன். டிபி பரிசோதனைக்காகத் தாம்பரம் தாண்டி எங்கிருந்தோ வந்திருந்த அந்தப் பெண் அடுத்த மாதம் மறுபடியும் ரயில் ஏறி வரவேண்டியிருந்தது. அன்றிலிருந்து சதை வருவதற்கு முன்பே லேபிள் ஒட்டிவிடுவேன். இப்போது வரும் புதுப் பெண்களுக்கும் முதல் நாள் சொல்வது அதுதான்: காலி மேஜையில் முதலில் பேனா, அப்புறம் பாட்டில். திறந்து மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஃபார்மலின் நெடி கண்ணையும் மூக்கையும் எரிக்கும்.

நீங்கள் பாட்டிலை வாங்கும்போது லேபிளில் நான்கு விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர், வயது, தேதி, உள்ளே இருப்பது ஃபார்மலினா சலைனா. இல்லையென்றால் அங்கேயே நின்று எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது வெயில். ஃபார்மலின் பாட்டில் சாதாரண வெப்பத்தில் இருக்கலாம், ஐஸ் வேண்டாம். சலைன் பாட்டில் அப்படி இல்லை. மே மாதம் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் அதை வைத்துப் பூட்டிவிட்டு, "பக்கத்துல சாப்பிட்டுட்டு வந்து கொடுத்துடலாம்"னு போன ஒருவரை எனக்குத் தெரியும். திரும்பி வந்தபோது பாட்டில் தொட முடியாத சூட்டில் இருந்திருக்கிறது. சதை எடுத்ததும் நேராக லேபுக்குக் கொண்டுபோங்கள். நேரமாகும் என்றால் ஐஸ் பேக் வைத்த டப்பாவில் வைக்க வேண்டும், ஐஸ் பெட்டியில் போட்டு உறைய விடக் கூடாது. சனிக்கிழமை மாலை எடுத்தால் லேபில் வாங்க ஆள் இருக்குமா என்று முன்பே ஃபோன் செய்து கேட்டுவிடுங்கள்.

8. லேப் சீட்டில் இந்த வரிகள் இருக்கட்டும்

நோய்க்கூறு மருத்துவர், அதாவது பேத்தாலஜிஸ்ட், உங்களைப் பார்ப்பதில்லை. அவருக்குத் தெரிவது சதையும் சீட்டும்தான். "எண்டோமெட்ரியல் பயாப்ஸி" என்று மட்டும் எழுதி வந்தால், சவ்வு எந்தப் பருவத்தில் இருக்கிறது, புற்றுநோய் அறிகுறி இல்லை என்று சொல்லி முடித்துவிடுவார். அவர் மேல் தப்பில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்.

சீட்டில் இருக்க வேண்டியவை: கடைசி பீரியட்ஸின் முதல் தேதி, இன்று எத்தனாவது நாள், ஹார்மோன் மாத்திரை எதுவும் ஓடுகிறதா, ஆன்டிபயாடிக் எப்போது சாப்பிட்டது, குழந்தையின்மை எத்தனை வருடம், எத்தனை ஐவிஎஃப், எத்தனை கருச்சிதைவு. அப்புறம் முக்கியமான வரி: "நாள்பட்ட எண்டோமெட்ரைட்டிஸ் சந்தேகம், பிளாஸ்மா செல் எண்ணிக்கை வேண்டும், சிடி138 சாயமும் செய்யவும்." பிளாஸ்மா செல் என்பது இந்த அழற்சியைக் காட்டிக்கொடுக்கும் அணு, சிடி138 அதை எடுப்பாகக் காட்டும் சாயம், இரண்டையும் 10-ஆம் பகுதியில் சொல்கிறேன். சிடி138-க்குத் தனிக் கட்டணம் உண்டு, எல்லா லேபிலும் செய்வதும் இல்லை. வெளியே அனுப்பினால் சில நாள் கூடுதலாகும். முன்பே கேட்டுக்கொண்டால் பில்லைப் பார்த்து அதிர வேண்டியதில்லை.

9. வீட்டுக்கு வந்த பிறகு

ஒன்றிரண்டு நாள் லேசாகப் படும், இழுத்துப் பிடிக்கும். டாக்டர் சொல்லும் வரை தாம்பத்தியம் வேண்டாம், டாம்பான் போன்ற எதையும் உள்ளே வைக்க வேண்டாம். காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, மாத்திரைக்கும் அடங்காத வலி, மணிக்கு ஒரு பேட் நனையும் அளவு ரத்தம், இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

10. ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது

தேட வேண்டிய சொல் பிளாஸ்மா செல். வெள்ளணு வகையைச் சேர்ந்த இந்த அணு, ஆரோக்கியமான உள்சவ்வின் அடித்திசுவில் சாதாரணமாக இருப்பதில்லை, இருந்தாலும் மிக அரிது. லேபில் ஒருமுறை என்னை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார்கள். சுற்றிலும் நீளமான, சாதாரணமான அணுக்கள். நடுவில் ஒன்று மட்டும் முட்டை வடிவில், உட்கருவை ஒரு ஓரத்துக்கு ஒதுக்கி வைத்துக்கொண்டு இருந்தது. அந்த உட்கருவுக்குள் கடிகார முகத்தில் எண்கள் இருப்பது போலச் சுற்றிலும் கருந்துண்டுகள். "இதைத்தான் தேடணும்" என்றார் அங்கிருந்த டாக்டர். ஸ்லைடை ஒரு விரல் அகலம் நகர்த்தியதும் என்னால் அடுத்ததைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

வழக்கமாகப் போடும் எச் அண்ட் ஈ சாயத்தில் இந்த அணுக்கள் கூட்டத்தோடு கலந்துவிடும். சிடி138 சாயத்தில் பழுப்பு நிறத்தில் எடுப்பாகத் தெரியும். ஆனால் சுரப்பிகளின் ஓரத்தில் இருக்கும் அணுக்களும் அதே சாயத்தைப் பிடிக்கும். ஆகவே அடித்திசுவில் இருப்பவற்றை மட்டும் எண்ணத் தெரிந்த கண் வேண்டும். சில லேப்கள் மம்1 என்ற வேறு சாயத்தையும் பயன்படுத்துகிறார்கள்.

எத்தனை இருந்தால் நோய்? இதற்கு உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட ஒரே எண் கிடையாது. ஒன்றிரண்டு இருந்தாலே போதும் என்பவர்கள் உண்டு, மைக்ரோஸ்கோப்பில் நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்கும் பத்து பார்வைப் புலங்களில் குறைந்தது ஐந்து வேண்டும் என்பவர்களும் உண்டு. அதனால்தான் ஒரே பெண்ணுக்கு ஒரு லேபில் பாசிட்டிவ், இன்னொன்றில் நெகட்டிவ் என்று வருகிறது. வெறும் பாசிட்டிவ், நெகட்டிவ் போதாது. எத்தனை புலத்தில் எத்தனை அணு என்று எண்ணோடு எழுதித் தரச் சொல்லுங்கள். எண் இருந்தால் அடுத்த டாக்டர் தன் அளவுகோலில் வைத்துப் பார்த்துக்கொள்வார்.

"சதை போதவில்லை" என்று ரிப்போர்ட் வந்தால் அது நெகட்டிவ் இல்லை. பரிசோதனையே நடக்கவில்லை என்றுதான் அர்த்தம். இதை நெகட்டிவ் என்று எடுத்துக்கொண்டு அடுத்த ஐவிஎஃப்புக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிடி138 செய்யாமலேயே ரிப்போர்ட் வந்துவிட்டதா? உடனே மறு பயாப்ஸிக்கு ஓடாதீர்கள். லேபில் உங்கள் சதையை மெழுகுக் கட்டியில் பதித்து வைத்திருப்பார்கள், அதைப் பிளாக் என்பார்கள். அதே பிளாக்கிலிருந்து இன்னும் மெல்லிய சீவல் எடுத்து அந்தச் சாயத்தைப் பிறகும் போடலாம். எழுதிக் கொடுத்து வாங்கி வேறு லேபுக்குக் கொண்டுபோகவும் செய்யலாம். இந்த ஒரு தகவல் தெரியாததால் இரண்டாவது தடவை வலி பட்டவர்கள் நிறைய.

உள்சவ்வுக் கிருமிகளை மரபணு முறையில் பார்க்கும் விலை உயர்ந்த பரிசோதனைகளும் இப்போது வருகின்றன. கிருமி இருப்பது வேறு, அழற்சி இருப்பது வேறு. பிளாஸ்மா செல் பார்க்காமல் அதை மட்டும் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

11. டிபி பிசிஆர் மட்டும் பாசிட்டிவ் என்றால்

பயம் தொற்றிக்கொள்ளும் இடம் இது. பிசிஆர் என்பது கிருமியின் மரபணுத் துணுக்கைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பரிசோதனை, மிக நுட்பமானது. செத்த கிருமியின் மிச்சத்துக்கும், லேபில் கலந்த தூசிக்கும் கூட அது பாசிட்டிவ் காட்டக்கூடும். டிபி மருந்து என்பது ஆறு மாதம். கல்லீரலைக் கவனித்துக்கொண்டே சாப்பிட வேண்டியது. தனியாக ஒரு பிசிஆரை வைத்து அதை ஆரம்பிப்பது சரியில்லை என்பது நம் நாட்டு வழிகாட்டுதலிலும் இருக்கிறது. க்ரானுலோமா, ஜீன்எக்ஸ்பெர்ட், கல்ச்சர், லேப்ராஸ்கோப்பியில் (வயிற்றில் சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுப் பார்ப்பதில்) தெரிவது, இவற்றில் வேறு ஆதாரம் உண்டா என்று கேளுங்கள். ஜீன்எக்ஸ்பெர்ட் முடிவு அன்றைக்கே கூட வரும். கல்ச்சர் ஆறு வாரம் வரை ஆகும், "ஏன் இன்னும் வரல" என்று பதற வேண்டாம். உறுதியானால் அரசு டிபி திட்டத்தில் மருந்து இலவசம். தனியார் டாக்டரிடம் பார்த்தாலும் அதில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

மறுபக்கமும் உண்டு. எல்லாம் நெகட்டிவ் என்பதால் டிபி இல்லவே இல்லை என்றும் ஆகிவிடாது. டிபி அதிகம் பாதிப்பது கருக்குழாயை. உள்சவ்வில் அது படாமல் இருக்கும் பெண்கள் பலர். குழாய் அடைப்பும் சந்தேகமும் சேர்ந்திருந்தால் டாக்டர் மேலே தேடுவார்.

12. மருந்துக்குப் பிறகு மறுபடி பார்ப்பது

அழற்சி உறுதியானால் பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் இரண்டு வாரம் எழுதுவார்கள். அதைப் பாதியில் நிறுத்திவிட்டு மறு பயாப்ஸிக்கு வந்தால் ரிப்போர்ட்டை யாராலும் அர்த்தப்படுத்த முடியாது. ஒருவேளை விட்டுப்போயிருந்தால் எத்தனை நாள் என்று சொல்லிவிடுங்கள், திட்ட மாட்டோம்.

மறு பயாப்ஸி வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்வார். வேண்டுமென்றால் மருந்து முடிந்து அடுத்த பீரியட்ஸ் வந்த பிறகு, மறுபடியும் அதே 6 முதல் 12-ஆம் நாளுக்குள். முடிந்தவரை அதே லேப், அதே சாயம், அதே எண்ணும் முறை. முதல் தடவை பத்து புலத்தில் எண்ணியதை இரண்டாவது தடவை இருபது புலத்தில் எண்ணினால் குறைந்ததா கூடியதா என்று ஒப்பிட முடியாது.

முதல் பயாப்ஸியின் பிளாக் நம்பரை ஃபைலின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். லேபில் கேட்பது முதலில் அந்த நம்பரைத்தான்.